பனிக்காலச் செய்திமடலும் பத்து வயது ஆசிரியர்களும்

ஜனவரி இரண்டாம் வாரத்தில் எங்கள் தொடக்கப் பள்ளியின் குளிர்காலச் செய்திமடல் பிள்ளைகளின் பைகளில் வீடுகளுக்குப் போனது. நான்கே பக்கம். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்த செய்தி இது: “தெற்கு வாசலின் மூன்றாவது படியில் வெயில் ஏறும் வரை கால் வைக்காதீர்கள்.” கூரையிலிருந்து இறங்கும் குழாயின் வாய் அந்தப் படியைப் பார்த்தபடி இருக்கிறது என்றும், நண்பகலில் உருகும் பனித் தண்ணீர் படியில் பரவி, பின்னிரவில் உறைந்து, காலையில் வெறும் ஈரம்போலத் தோன்றும் தகடாகக் கிடக்கிறது என்றும் நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி ஏழே வரிகளில் எழுதியிருந்தாள். பக்கத்தில் படியின் படமும், குழாயிலிருந்து படிக்கு ஓர் அம்புக்குறியும் இருந்தன.

அந்தப் படியில் நான் ஆறு குளிர்காலங்கள் ஏறி இறங்கியிருக்கிறேன். ஒருமுறை கால் சறுக்கிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டதும் உண்டு. பனிக்காலம் என்றால் வழுக்கத்தான் செய்யும் என்று எண்ணிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மற்றப் படிகள் காய்ந்து கிடக்க இந்த ஒரு படி மட்டும் ஏன் வழுக்குகிறது என்று கேட்டவள் அந்தச் சிறுமிதான். மூன்று நாள் மதிய இடைவேளையில் அங்கேயே நின்று தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று பார்த்திருக்கிறாள். மாணவர் தலைமை என்று பள்ளிகளில் நாம் அடிக்கடி சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்கு நான் கண்ட சரியான பொருள் இந்த மூன்று மதியங்களில் இருக்கிறது.

மாணவர் மன்றத்தின் பொறுப்பாசிரியராக இருக்கும் எனக்கு இது தாமதமாகத்தான் புரிந்தது. முன்பெல்லாம் எங்கள் குளிர்காலச் செய்திமடலை ஆசிரியர்கள் நாங்களே எழுதிவந்தோம். விடுமுறை நாட்கள், தடித்த உடை அணிவித்து அனுப்பும்படி பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள், பனிப்பொழிவால் பள்ளி மூடப்பட்டால் தகவல் எப்படி வரும் என்ற குறிப்பு, கடைசிப் பக்கத்தில் மாணவர் மன்றத்தின் புகைப்படம். படத்தில் வகுப்புத் தலைவர்கள் மார்பில் பட்டை அணிந்து வரிசையாக நிற்பார்கள். ஆண்டின் தொடக்கத்தில் தேர்தல் நடக்கும், மேடையில் பேசுவார்கள், கைதட்டல் கிடைக்கும்; அதன்பின் அந்தப் பிள்ளைகளுக்கு விழா நாட்களில் விருந்தினரை வரவேற்பதைத் தவிர வேறு வேலை இருக்காது. ராஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992-இல் யுனிசெஃப் அமைப்புக்காக எழுதிய கட்டுரையில், பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியாக விவரித்தார். அதன் கீழ்ப்படிகள் மூன்றையும் பங்கேற்பாகவே அவர் கணக்கில் எடுக்கவில்லை. பெரியவர்கள் தம் நோக்கத்துக்குப் பிள்ளைகளைப் பயன்படுத்துவது முதற்படி, அலங்காரமாக நிறுத்துவது இரண்டாவது, பெயரளவுக்குக் கருத்துக் கேட்பது மூன்றாவது. இதைப் படித்த நாளில் எங்கள் செய்திமடலின் கடைசிப் பக்கப் படத்தை எடுத்துப் பார்த்தேன். நாங்கள் இரண்டாம் படியில் நின்றுகொண்டிருந்தோம்.

ஆகவே இந்த ஆண்டு நவம்பர் நடுவில் செய்திமடலை முழுமையாக மன்றத்திடம் ஒப்படைத்தோம். தலைமையாசிரியரிடம் நான் கேட்டது இரண்டே அனுமதிகள். பிள்ளைகள் கண்டறிந்து எழுதும் செய்தி பள்ளியின் குறையாக இருந்தாலும் அச்சேற வேண்டும் என்பது ஒன்று. குளிர்கால வேலைகளில் சிலவற்றை, அவர்கள் செய்யாவிட்டால் உண்மையாகவே நடக்காமல் போகும்படி அவர்கள் கையில் விட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு அவர் சற்றுத் தயங்கினார். தயக்கம் நியாயமானதுதான். ஆனால் தவறினால் ஒன்றும் ஆகாது என்ற வேலையைக் கொடுத்துவிட்டுப் பொறுப்புணர்ச்சி வரவில்லை என்று குறைசொல்வதில் பொருள் இல்லை.

முதல் வேலை வெப்பமானி. வடக்குச் சுவரில், வெயில் நேராகப் படாத இடத்தில் அது தொங்குகிறது. தினமும் காலை எட்டேகால் மணிக்கு ஒரு மாணவர் அதைப் படித்து, கோடு போட்ட நோட்டில் குறித்து, காற்றின் வேகத்தை வானிலை அறிக்கையிலிருந்து எடுத்து, இரண்டையும் அட்டவணையில் பொருத்தி, காற்றோடு சேர்ந்த குளிர் எவ்வளவு என்று கண்டறிந்து அலுவலக அறையில் சொல்ல வேண்டும். அட்டவணை கனடாவிலும் அமெரிக்காவிலும் 2001 முதல் பயன்பாட்டில் இருக்கும் வாய்பாட்டின்படி ஆனது. வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி செல்சியஸாகவும் காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்திலும் இருந்தால், முகத்தின் தோல் உணரும் குளிர் ஏறத்தாழ மைனஸ் 20 ஆகிறது. அந்த எண் மைனஸ் 28-ஐத் தாண்டிவிட்டால் மூடப்படாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறைந்துபோகக்கூடும்.

இந்த வேலையைக் கேட்டு வாங்கிய மூன்றாம் வகுப்பு மாணவன் வகுப்பில் வாய் திறக்காதவன். தேர்தல் வைத்திருந்தால் அவன் பெயரை யாரும் முன்மொழிந்திருக்க மாட்டார்கள், அவனும் நின்றிருக்க மாட்டான். முதல் வாரத்தின் இறுதியில் நோட்டோடு என்னிடம் வந்தான். “டீச்சர், வெப்பமானியும் காற்றில்தானே தொங்குகிறது? அது ஏன் மைனஸ் 20 என்று காட்டவில்லை?” என்று கேட்டான். காற்றுக் குளிர் என்பது வெதுவெதுப்பான உடலிலிருந்து வெப்பம் எவ்வளவு விரைவாகப் பறிபோகிறது என்பதன் கணக்கு. வெப்பமானி ஏற்கெனவே காற்றின் குளிர்ச்சிக்கே வந்துவிட்டதால் அதனிடம் பறிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று விளக்கினேன். அவன் அதை இரண்டு நாள் யோசித்துவிட்டு, செய்திமடலின் வானிலைப் பகுதியில் இப்படி எழுதினான்: “காற்று நம்மிடமிருந்துதான் சூட்டைத் திருடும். வெப்பமானியிடம் திருடச் சூடு இல்லை.” நான் விளக்கியதைவிட அது நன்றாக இருந்தது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இடைவேளைக்கு வெளியே போவதா, உள்ளேயே இருப்பதா என்று முடிவெடுப்பவர் தலைமையாசிரியர்தான். பள்ளியை மூடும் முடிவும், ஒரு பிள்ளைக்கு உடல்நலம் இல்லாதபோது எடுக்க வேண்டிய முடிவும் அப்படித்தான். பிள்ளைகள் சரியான எண்ணைச் சரியான நேரத்தில் கொண்டுவருகிறார்கள். அந்த எண்ணைக் கேட்காமல் முடிவெடுப்பதில்லை என்பது நாங்கள் அவர்களுக்குக் கொடுத்த வாக்கு. ஆபத்தின் சுமையைக் குழந்தையின் தோளில் ஏற்றுவதை நான் தலைமைப் பயிற்சி என்று ஏற்கமாட்டேன். 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவும், தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையையும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்துக்கு மதிப்புக் கிடைக்கும் உரிமையையுமே குழந்தைக்கு வழங்குகிறது. முடிவின் பாரம் பெரியவர்களுடையதாகவே இருக்கிறது.

மழலை வகுப்புகளின் வாசலில் நடக்கும் வேலை வேறு மாதிரியானது. குளிர்காலத்தில் இருபது சிறு பிள்ளைகளை உடுத்தி வெளியே அனுப்புவதற்குள் இடைவேளையில் பாதி போய்விடும் என்பது அந்த வகுப்பு ஆசிரியர்கள் எல்லாருக்கும் தெரிந்த துயரம். ஐந்து வயதுக் குழந்தைக்குக் கையுறை மேல் ஆசை அதிகம். அதைத்தான் முதலில் மாட்டிக்கொள்ளும். பிறகு அந்தக் கையால் ஜிப்பைப் பிடிக்க முடியாது, பூட்ஸை இழுக்க முடியாது, அழுகை தொடங்கும். மன்றத்து மாணவர்கள் நால்வர் அங்கே போய் ஒரு வாரம் பார்த்துவிட்டு, முதலில் பனிக்காற்சட்டை, அடுத்து பூட்ஸ், பிறகு மேலங்கி, தொப்பி, எல்லாவற்றுக்கும் கடைசியில் கையுறை என்று ஒரு வரிசையைப் படமாக வரைந்து குழந்தைகளின் கண்மட்டத்தில் ஒட்டினார்கள். படத்தைப் பெரியவர்களின் கண்மட்டத்தில் ஒட்ட நான் கை நீட்டியபோது, அதைக் கீழே இறக்கியவர்கள் அவர்களே.

அங்கே நான் கண்ட ஒரு காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி முதல் நாளன்று குழந்தைகளின் ஜிப்பையெல்லாம் தானே சரசரவென்று இழுத்து மூடிவிட்டுக் கொண்டிருந்தாள். பத்தாம் நாள் போனபோது ஒரு சிறுவன் முன் முழங்காலிட்டு, அவனுடைய மேலங்கியின் அடி நுனியை இரண்டு விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு, வேறொன்றும் செய்யாமல் காத்திருந்தாள். அவன் ஊசியைச் சிறு குழிக்குள் நுழைக்க மூன்று முறை முயன்றான். மூன்றாவது முறை நுழைந்தது. கழுத்து வரை இழுத்து ஏற்றினான். அவள் எழுந்து அடுத்த பிள்ளையிடம் போனாள். அடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று பிறகு கேட்டேன். “நான் மூடிவிட்டால் மறுநாளும் என்னிடமேதான் வருகிறார்கள், டீச்சர். அடியைப் பிடித்தால் அவர்களே மூடிக்கொள்கிறார்கள்” என்றாள்.

தொலைந்த பொருள்களின் பெட்டிதான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. குளிர்காலம் தொடங்கி மூன்றே வாரத்தில் அது நிரம்பி வழியும். இம்முறை மன்றத்தினர் அதைத் தரையில் கொட்டி வகை பிரித்தார்கள். ஒற்றைக் கையுறைகளே பெரும்பங்கு. அவற்றை வரிசையாகப் பரப்பியபோது வலக்கை உறைகள் இடக்கை உறைகளைவிட இருமடங்குக்கு மேல் இருப்பது தெரிந்தது. ஏன் என்ற கேள்வி எழுந்ததும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பிறகு ஒருவன் எழுந்து, பனியிலிருந்து உள்ளே வருவதுபோல நடித்துக் காட்டினான்: கதவருகே நிற்கிறான், ஜிப்பை இறக்க வலக்கை உறையைக் கழற்றுகிறான், அதை வாசல் விசுப்பலகையில் வைக்கிறான், ஜிப்பை இறக்குகிறான், இடக்கை உறையோடு வகுப்புக்குள் போகிறான். எல்லாரும் ஒரே குரலில் கூவினார்கள். விசுப்பலகையின் மேல், தோள் உயரத்தில், துணி உலர்த்தும் கவ்விகள் கோத்த கயிறு ஒன்று மறுநாள் கட்டப்பட்டது. அதன்பின் பெட்டிக்கு வரும் ஒற்றை உறைகள் கண்ணுக்குத் தெரிந்து குறைந்தன. இந்தச் செய்தி டிசம்பர் இதழில் ‘வலக்கை மர்மம்’ என்ற தலைப்பில் வந்தது. நான் பார்த்தவரை பெற்றோர் முழுவதுமாகப் படித்த முதல் செய்தி அதுதான்.

அந்தப் பெட்டியைக் கிளறியதில் இன்னொன்றும் தெரியவந்தது. உறை தொலைந்தும் தேடி வராத பிள்ளைகள் இருப்பது ஒரு பக்கம்; தொலைப்பதற்கே உறை இல்லாத பிள்ளைகள் இருப்பது மறுபக்கம். இரண்டாம் வகுப்பில் மூன்று பேர் இடைவேளை முழுவதும் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு சுவரோரம் நிற்கிறார்கள் என்று ஒரு மாணவச் செய்தியாளர் குறித்துக்கொண்டு வந்தார். இதைச் செய்திமடலில் போட்டு, பெற்றோரிடம் உதவி கேட்கலாம் என்று நான் சொன்னேன். பெயர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும் என்றும் சொன்னேன். நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். மன்றத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு படிச் செய்தியை எழுதிய அதே சிறுமி சொன்னாள்: “பெயர் போடாவிட்டாலும் அதைப் படிக்கும்போது அந்தப் பிள்ளைக்குத் தன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று தெரிந்துவிடும், டீச்சர்.”

செய்தி போடவில்லை. யாரும் உரிமை கோராத உறைகளையும் தொப்பிகளையும் துவைத்து, ஜோடி சேர்த்து, ஒற்றைகளை நிறம் பார்த்து இணைத்து, வெளிக்கதவுக்கு முந்தைய திருப்பத்தில் ஒரு கூடையில் வைத்தார்கள். கூடையின் மேல் ‘தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். கேட்க வேண்டாம். திருப்பித் தரவும் வேண்டாம்’ என்று எழுதினார்கள். அந்தத் திருப்பத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருந்தது: வகுப்பிலிருந்தும் தெரியாது, மைதானத்திலிருந்தும் தெரியாது. நான் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கருணையைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். இவ்வளவு நுட்பமாக அதைச் செயலில் யோசித்ததில்லை. எதை எழுத வேண்டும் என்று தெரிவதைவிட எதை எழுதக்கூடாது என்று தெரிவது ஒரு பத்திரிகை ஆசிரியருக்குக் கடினம். ஒன்பது வயதில் அது அவளுக்குத் தெரிந்திருந்தது.

என் பங்கில் நடந்த ஒரு தவற்றையும் இங்கே பதிவு செய்கிறேன். டிசம்பர் முதல் இதழின் கைப்பிரதிகள் வந்தபோது, எழுத்துப்பிழைகளைத் திருத்தும் சாக்கில் வாக்கியங்களையும் திருத்திவிட்டேன். ‘பனியில் ஓடினால் காது சுடுகிறது’ என்று ஒரு பிள்ளை எழுதியதை, ‘கடுங்குளிரில் காதுகளைப் பாதுகாப்பது அவசியம்’ என்று மாற்றினேன். அச்சான இதழைப் பார்த்த அந்தப் பிள்ளை, இது யார் எழுதியது என்று என்னைக் கேட்டான். அவனுடைய பெயர் கீழே இருந்தது. குளிர் முற்றினால் காது சுடும் என்பது பனியில் ஓடிய எவருக்கும் தெரிந்த உண்மை. என் திருத்தத்தில் உண்மையும் போயிற்று, குழந்தையும் போய்விட்டான்.

அந்த வாரம் செலெஸ்தாங் ஃப்ரெனே பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் உலகப்போரில் நுரையீரலில் காயம்பட்டு, வகுப்பில் நெடுநேரம் பேசுவதற்கே சிரமப்பட்ட அந்தப் பிரெஞ்சு ஆசிரியர், 1924-இல் தம் சிற்றூர்ப் பள்ளிக்கு ஒரு சிறிய அச்சுப்பொறியைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாங்கள் கண்டதையும் கேட்டதையும் எழுதி, எழுத்தெழுத்தாகத் தாங்களே கோத்து, அச்சடித்து, தொலைவிலுள்ள இன்னொரு பள்ளிக்கு அனுப்பினார்கள். முன்பின் தெரியாத ஒருவர் படிக்கப்போகிறார் என்பதாலேயே எழுத்தில் கவனம் வந்தது. வார்சாவில் அநாதைப் பிள்ளைகளின் விடுதியை நடத்திய மருத்துவர் யானுஷ் கோர்சாக், 1926-இல் ஒரு நாளிதழின் வெள்ளிக்கிழமை இணைப்பாகப் பிள்ளைகளே எழுதும் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். 1939 செப்டம்பரில் போர் மூளும் வரை அது வெளிவந்தது. அவருடைய விடுதியில் பிள்ளைகளே நடத்திய நீதிமன்றம் ஒன்றும் இருந்தது. பிள்ளைகள் தொடுத்த வழக்குகளில் அவரும் அதன் முன் நின்று பதில் சொல்லியிருக்கிறார். நானும் மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் நடந்ததைச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். எழுத்துப்பிழையைத் தவிர வேறெதையும் எழுதியவரைக் கேட்காமல் மாற்றக்கூடாது என்று அவர்கள் ஒரு விதி எழுதி, அதில் என்னைக் கையெழுத்திடச் சொன்னார்கள். இட்டேன். அந்தத் தாள் இப்போது வெப்பமானி நோட்டின் உள்ளட்டையில் ஒட்டப்பட்டிருக்கிறது.

விதி வந்தபிறகு பிழைகளும் வந்தன, வரத்தான் செய்யும். குளிர்காலத்தில் சூரியன் நம்மை விட்டுத் தூரமாகப் போய்விடுகிறது, அதனால்தான் குளிர்கிறது என்று ஒரு மாணவி எழுதியது அப்படியே அச்சாகிவிட்டது. ஒரு பெற்றோர் அதைச் சுட்டிக்காட்டி எழுதினார். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதே ஜனவரி முதல் வாரத்தில்தான். அப்போது இடைவெளி சுமார் 14 கோடியே 70 லட்சம் கிலோமீட்டர், ஜூலையில் அது சுமார் 15 கோடியே 20 லட்சம். வட அரைக்கோளத்தின் குளிருக்குக் காரணம் பூமியின் அச்சு ஏறத்தாழ 23.4 டிகிரி சாய்ந்திருப்பதும், அதனால் டிசம்பர் வெயில் சரிந்து விழுவதும், பகல் குறுகிவிடுவதும்தான். எழுதிய சிறுமிக்கு முகம் வாடிப்போயிற்று. மன்றத்திலிருந்து விலகுகிறேன் என்றாள்.

நான் அவளை ஆறுதல்படுத்த முயலவில்லை. ஒரு டார்ச் விளக்கையும் கட்டம் போட்ட தாளையும் கொடுத்தேன். விளக்கைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து வெளிச்ச வட்டத்துக்குள் எத்தனை கட்டங்கள் என்று எண்ணினாள். பிறகு அதே உயரத்தில் சாய்த்துப் பிடித்து எண்ணினாள். வட்டம் நீண்டு முட்டை வடிவமாகி, கட்டங்கள் கூடி, ஒவ்வொரு கட்டத்திலும் வெளிச்சம் மங்கியது. “அதே வெளிச்சத்தை நிறையப் பேருக்குப் பங்கு போட்டாற்போல” என்றாள். அடுத்த இதழின் முதல் பக்கத்திலேயே, தவறு வெளிவந்த அதே அளவு இடத்தில், ‘சென்ற இதழில் நான் எழுதியது தவறு’ என்று தொடங்கி, விளக்கையும் தாளையும் வைத்து வீட்டில் எப்படிச் செய்து பார்ப்பது என்று விளக்கி எழுதினாள். திருத்தத்தை மூலையில் சிறிய எழுத்தில் போடலாம் என்று சக மாணவர் ஒருவர் சொன்னதை அவளே மறுத்துவிட்டாள். தேர்தல் மேடையில் எத்தனையோ பிள்ளைகளின் வாக்குறுதிகளைக் கேட்டிருக்கிறேன். தலைமைக்குத் தகுதி என்று நான் கருதுவதை இந்த முதல் பக்கத்தில்தான் பார்த்தேன்.

மொழி சார்ந்த ஒன்றையும் சொல்ல ஆசை. பனி என்ற ஒரே சொல்லைத் தமிழில் புல்நுனித் துளிக்கும் மூடுபனிக்கும் வானிலிருந்து உதிரும் வெண்பனிக்கும் வழங்குகிறோம். நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தபோது மார்கழியும் தையும் முன்பனி என்றும், மாசியும் பங்குனியும் பின்பனி என்றும் பெயரிட்டார்கள். அவர்கள் அறிந்த பனி வேறு. வானிலைப் பகுதிக்குப் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்ட சொற்களை நாங்கள் சேர்ந்தே உண்டாக்கினோம். உருட்டினால் ஒட்டாதது மாவுப் பனி, பந்தாகப் பிடிபடுவது ஈரப் பனி, மிதித்து மிதித்துக் கெட்டிப்பட்டது தரைப் பனி, கண்ணுக்கே தெரியாமல் வழுக்குவது கண்ணாடிப் பனி. இப்போது ஆசிரியர் அறையிலும் இந்தச் சொற்கள்தான் புழங்குகின்றன.

படியின் செய்திக்கு வருகிறேன். அது வெளிவந்த அன்றே பள்ளியின் பராமரிப்புப் பணியாளரை மன்றத்தினர் நேர்காணல் செய்யப் போனார்கள். “அண்ணா, சில நாள் உப்புத் தூவுகிறீர்கள், சில நாள் மணல் தூவுகிறீர்கள், ஏன்?” என்பது முதல் கேள்வி. உப்பு நீரின் உறைநிலையைத் தாழ்த்துவதால் பனி உருகுகிறது என்றும், மைனஸ் 10 டிகிரி அளவுக்குக் கீழே போய்விட்டால் சாதாரண உப்பின் வேலை மிகவும் மந்தமாகிவிடும் என்றும், அப்போது உருக்க முயலாமல் பிடிப்புக்காக மணல் தூவுவது மேல் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். அவர் விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து பாதையைச் சுத்தம் செய்வது பிள்ளைகளில் ஒருவருக்கும் அதுவரை தெரியாது. அந்த நேர்காணல் முழுப் பக்கம் வந்தது. மறுவாரம் அவர் குழாயின் வாயில் ஒரு வளைவையும் நீண்ட துண்டையும் பொருத்தித் தண்ணீரைப் படியிலிருந்து விலக்கிவிட்டார். மூன்றாவது படி இப்போது மற்றப் படிகளைப் போலவே காய்ந்து கிடக்கிறது.

பொறுப்புகளை ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தோம். நன்றாகச் செய்பவர்களை ஏன் மாற்ற வேண்டும் என்று சில ஆசிரியர்கள் கேட்டார்கள். நன்றாகச் செய்யக் கற்றவர் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கும் நாளும் இந்தப் பயிற்சிக்குள் அடங்கும் என்பது என் கருத்து. இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதன்படி பிப்ரவரி கடைசி வாரத்தில் வெப்பமானி நோட்டு கைமாறியது. வாய் திறக்காத அந்த மாணவன், இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை வடக்குச் சுவருக்கு அழைத்துப்போய், கண்ணை வெப்பமானியின் கோட்டுக்கு நேராக வைக்க வேண்டும், மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் எண் தவறிவிடும், மூச்சுக்காற்று அதன்மேல் படக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் தொடர்ந்து இத்தனை வாக்கியங்கள் பேசி நான் கேட்டதில்லை. அவளுக்கு உயரம் எட்டவில்லை. அவன் உள்ளே போய் ஒரு சிறிய முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

மார்ச் இதழின் முதல் பக்கத்துக்கு என்ன செய்தி என்று புதிய குழுவிடம் நேற்றுக் கேட்டேன். பதில் தயாராக இருந்தது. நீட்டிய குழாயின் தண்ணீர் படியை விட்டுவிட்டது உண்மைதான், ஆனால் அது இப்போது மிதிவண்டி நிறுத்துமிடத்தின் மூலையில் தேங்கி இரவில் உறைகிறது. இரண்டு மதியம் பார்த்துவிட்டார்கள், எழுதுவதற்கு முன் இன்னும் ஒரு மதியம் பார்க்க வேண்டுமாம்.